நிரப்பு வாக்கியம் முப்பத்தொன்று

கதவு சாத்தியாயிற்று. இனி நாற்பது நிமிடம் உள்ளே யாரும் போகக் கூடாது, கூப்பிடக் கூடாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது. எல்லாம் ஹெப்சிபாவே போட்ட சட்டம். முப்பத்தொன்பது பேருக்கு அதைப் பிசகாமல் கடைப்பிடித்தவள், நாற்பதாவது ஆள் சொந்த மாமியார் என்பதற்காக மாற்றவா முடியும்? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். வெயில் தூணைத் தாண்டி அவள் செருப்பு வரைக்கும் வந்திருந்தது, சனிக்கிழமை ஆனதால் ஆங்கிலத் துறையில் ஈ காக்கை இல்லை. மடியில் ஃபைலைப் பிரித்து நாற்பது என்ற எண்ணுக்கு நேரே டிக் போட்டாள். அப்பாடா, ஆள் சேர்ந்தது. அறுபது வயதுக்கு மேல், வேலையிடத்தில் பத்து வருடமாவது ஆங்கிலம் பேசிப் புழங்கியவர்கள் நாற்பதில் பாதி, இருபது பேர், வேண்டும் என்று ஆராய்ச்சிக் கைடு ஒற்றைக் காலில் நின்றார். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள், இருபதாவதாக வருவதாகச் சொன்ன பாங்க் மானேஜர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். திங்கள்கிழமை கணக்குப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். காலையில் தோசை வார்த்துக்கொண்டே அவள் புலம்பியதைக் கேட்ட அத்தைதான், "ஏன், நான் இருக்கேன்லா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில முப்பத்திமூணு வருசம் இங்கிலீஷ்தானே பேசுனேன்" என்றாள். நியாயம்தானே என்று பட்டது. ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "யோசிக்காதீங்க அத்தே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மொதல்ல என்ன நம்பர் தோணுதோ அதைப் போடுங்க, ஒண்ணுன்னா யாருமே இப்படிச் சொல்லமாட்டாங்க, ஏழுன்னா இயல்பா யாரும் சொல்லுவாங்க, ஒரு தடவை போட்டா திரும்பி மாத்த முடியாது" என்று எல்லோருக்கும் ஒப்பிப்பதை அவளுக்கும் ஒப்பித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தியாயிற்று. டிக் போட்ட தாளுக்கு அடியில் இருந்த தாளைக் காற்று லேசாகத் தூக்கியது. நிரப்பு வாக்கியங்கள், ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை. முப்பத்தொன்றில் கண் போய் நின்றது. ஐயோ ஆண்டவரே, இதை எப்படி மறந்தேன்!

முப்பத்தொன்று ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தன் கணவன் கூப்பிடுகிறான் என்று தெரிந்தும் மார்கரெட் போனைக் கவிழ்த்து வைத்தாள். இப்படியொரு வாக்கியத்தை ஆராய்ச்சியில் யாராவது எழுதுவார்களா? எழுதினாளே, கூறுகெட்டவள், இவள்தான் எழுதினாள். ஆராய்ச்சிக்கு வேண்டியது மொத்தமே இருபத்துநான்கு வாக்கியம். ராணி ஆப்பம் சாப்பிட்டாள், மேரியும்தான் என்று நாம் சொல்கிறோமே, மேரி என்ன செய்தாள் என்பதை யாரும் திரும்பச் சொல்வதில்லை. இங்கிலீஷ்காரனும் அதேபோல வினையை முழுங்கிவிட்டு 'டிட்' என்று ஒரு சின்னச் சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போவான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி என்று அவள் வகுப்பில் சொல்வாள், ஆள் இல்லை, துண்டு இருக்கிறது, அது யார் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி எந்த அளவுக்கு முழுங்கினால் நம் ஊர்க் காதுக்கு ஒத்துவரும், எங்கே இடறும், இதுதான் அவளுடைய ஐந்து வருடப் பாடு. ஆனால் இருபத்துநான்கையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் வந்தவர்கள் உஷாராகிவிடுவார்கள், எதைச் சோதிக்கிறாள் என்று பிடித்துவிடுவார்கள். அதற்காக நடுநடுவே நாற்பத்தெட்டு சும்மா வாக்கியம், அவைதான் நிரப்பு வாக்கியங்கள். எதையும் முழுங்காத, எல்லாவற்றையும் முழுசாகச் சொல்கிற வாக்கியங்கள். அவற்றுக்கு விழுகிற மதிப்பெண்ணைக் கடைசியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "விதவிதமா இருக்கட்டும்மா, யாரும் பார்க்கப் போறதில்ல" என்றார் கைடு, அவரே பார்க்கவில்லை. முதல் பதினைந்தில் நல்ல பிள்ளையாக ஜானும் மேரியும் மார்க்கெட்டுக்குப் போனார்கள், மழை பெய்தது, நாய் குரைத்தது. அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. அன்றைக்கு வீட்டில் தனியாக இருந்தாள், அத்தை சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்தாள், கொடியில் ஒரு துண்டு ஆடிக்கொண்டிருந்தது. நெட்டையான ஒரு மனிதன் தினமும் ஈரத் துண்டைப் புத்தகங்களின் மேல் போட்டான் என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள், நான்கு வருடத்தில் அவனை நினைத்துச் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் கை நிற்கவில்லை. அந்த மனிதன் ஞாயிறு காலை குளியலறையில் ஞானப்பாட்டைச் சுதி இல்லாமல் பாடினான். ஒரு மூதாட்டி மருமகளுக்காக ஆரஞ்சுச் சுளையில் ஒரு நார் விடாமல் உரித்தாள். இவ்வளவோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

அவள் புருஷனுக்குக் கிருபாகரன் என்று பெயர், வீட்டில் கிருபா. நாற்பத்தொரு வயது சாகிற வயதா? ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் காலையில் வழக்கம்போல ஈரத் துண்டு, அவள் ஒரு மாதமாகக் கையால் எழுதிய குறிப்பெல்லாம் நீலமாக ஒழுகிப்போயிருந்தது. "இன்னைக்குப் பூரா எங்கிட்ட பேசாதீங்க" என்றாள். சாதாரணமாக எல்லாப் பெண்டாட்டியும் சொல்கிற வார்த்தை, சாயங்காலம் வந்தால் அவனே மிக்சர் பொட்டலத்தோடு வந்து இளிப்பான், அவளும் இரண்டு நிமிடம் முறைத்துவிட்டுத் தட்டை எடுப்பாள். மத்தியானம் இரண்டு மணி வகுப்பு, இரண்டாமாண்டுப் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள், மேஜையில் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. கிருபா என்று எழுத்து வந்தது. பேசாதே என்று சொன்னேனா இல்லையா, இருக்கட்டும், கொஞ்சம் தவிக்கட்டும். கவிழ்த்து வைத்தாள். நின்று, மறுபடியும் அதிர்ந்தது, மேஜையோடு சேர்ந்து சாக்பீஸும் அதிர்ந்தது, முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி அதையே பார்த்தாள். இரண்டு தடவை. ஆஸ்பத்திரியில் அவன் ஆபீஸ்காரர் வந்து, "போனைக் கையில புடிச்சிக்கிட்டே இருந்தாரு மேடம்" என்று சொல்லி அதை அவளிடம் கொடுத்தார். நல்ல மனுசன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மேலே தன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு என்று நின்றதைப் பார்த்தாள். அதற்குக் கீழே பார்க்கத் தெம்பில்லை. அழைப்புப் பட்டியல் முழுவதையும் ஒரே அமுக்காக அழித்தாள். அழித்துவிட்டுத்தான் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தையின் மடியில் போனை வைத்தாள். அத்தை அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதைத்தான் எழுதினாள். மார்கரெட்டின் கணவன் சாவதற்கு முன் அவளை இரண்டு முறை கூப்பிட்டான், அது பன்னிரண்டு. போனைக் கவிழ்த்தது முப்பத்தொன்று. இதை மார்கரெட் தன் மாமியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை, அது நாற்பத்தாறு. ஒரு மனுசியிடமும் வாய் திறந்து சொல்லாததை, எழுவாய் பயனிலை செயப்படுபொருளோடு, ஒன்றையும் முழுங்காமல், அத்தனை முழுசாக எழுதி வைத்தாள். எழுதியபோது ஒரு நிம்மதி இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். முப்பத்தொன்பது பேர் அதைப் படித்தார்கள், ஆளுக்கொரு எண்ணை அழுத்தினார்கள், ஆறு, ஏழு, ஏழு, ஐந்து, பிழையில்லாத வாக்கியம், அடுத்தது. ஒரு தலையும் நிமிரவில்லை. யார் அந்த மார்கரெட் என்று யாருக்கு என்ன? முப்பத்தொன்பது பேரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, பத்திரமாகத் தப்பித்துவிட்டோம் என்று உள்ளூர ஒரு துணிச்சல்கூட வந்திருந்தது. அந்தத் துணிச்சலில்தான் கூட்டிவந்துவிட்டாளோ? இல்லை, மறந்தேதான் போனாள். இரண்டில் எது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வாக்கியங்கள் எந்த வரிசையில் வரும் என்று கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும், ஒவ்வொருவருக்கும் கலைத்துக் கொடுக்கும். இந்த நிமிடம் அத்தை நாய் குரைத்ததற்கு எண் போட்டுக்கொண்டிருக்கலாம். இந்த நிமிடம் ஈரத் துண்டைப் படித்துக்கொண்டிருக்கலாம். துண்டு ஒன்று போதுமே, மார்கரெட் யாரென்று அவளுக்குத் தெரிய. ஓடிப்போய்க் கதவைத் தட்டி, கரண்ட் போகப் போகிறது அத்தே, எழுந்திருங்க என்று சொன்னால் என்ன? நாற்பதாவது ஆள் போய்விடும், திங்கள்கிழமை போய்விடும், போகட்டுமே. எழுந்தாள். கதவு வரை போனாள். கை குமிழின் மேல் இருந்தது. அத்தை அதை ஏற்கெனவே படித்து முடித்திருந்தால்? பாதியில் நிறுத்தினால், எதற்காக நிறுத்தினாய் என்று கேட்பாளே, அப்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது? திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெஞ்சு இதற்குள் சூடேறியிருந்தது.

அத்தை ஞானசௌந்தரி கோபக்காரி இல்லை, அதுதான் பயம். கத்துகிற ஆளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போகலாம். கிருபா போன பிறகு ஹெப்சிபாவின் அண்ணன் வந்து, பெட்டியைக் கட்டு, நம்ம வீட்டுக்குப் போவோம் என்று கூப்பிட்டபோது, அத்தை அடுக்களையில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். நார் நாராக எடுத்து, சுளையைத் தட்டில் அடுக்கி அவள் முன்னால் வைத்தாள். ஹெப்சிபா அண்ணனை அனுப்பிவிட்டாள். அதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில் சமைத்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்து, அவன் பெயரை மட்டும் சொல்லாமல் வாழ்கிறார்கள். 'அவன் சட்டை', 'அவன் பிறந்தநாள்' என்றுகூட வராது. "அந்த பீரோவில இருக்குலா, அது" என்பாள் அத்தை. "ஆமா, எடுத்து வெயில்ல போட்டேன்" என்பாள் இவள். இவ்வளவு முழுங்கியும் இருவருக்கும் புரிகிறது என்று கைடிடம் சொன்னால் அதற்கே ஒரு பட்டம் கொடுப்பார். இனி என்ன ஆகும்? தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், சாப்பிட வா என்று கூப்பிடுவாள். ஆனால் ஆரஞ்சில் நார் இருக்கும். ஒருநாள் சும்மா இருக்கும், பிறகு தினமும் இருக்கும், இவள் அதைச் சொல்லாமல் தின்ன வேண்டும். அம்மா செத்து, அண்ணி ஒட்டாமல், இந்த உலகத்தில் தனக்கென்று இருப்பது அந்த ஒரு கிழவிதான் என்பது ஹெப்சிபாவுக்கு இந்த வராந்தாவில்தான் முழுசாக உறைத்தது. பெருக்குகிற அம்மாள் வந்து, "யாரும்மா உள்ள, பரீச்சையா?" என்று கேட்டாள். "ஆமா, பரீச்சைதான்" என்றாள்.

ஒரே ஒரு நம்பிக்கை உண்டு. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள் பேச்சைக் கேட்கமாட்டார்களாம். அத்தை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், காதில் மாட்டியிருந்த கருவியின் தழும்பை இன்றைக்கும் தடவிக்கொண்டு: "கல்யாணம் நின்னுபோனது, சாவு, கள்ளக்காதல், எல்லாம் எங்க காது வழியாத்தான் போச்சு. ஒண்ணும் உள்ள ஏறாது ஏட்டி. லைன் கிளியரா இருக்கான்னு மட்டுந்தான் கேப்போம்." அப்படியே வாக்கியங்களையும் லைன் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போவாள், கொரகொரப்பு இருக்கா, இல்லையா, அடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு போன் மேல் அவளுக்கு இருந்த வைராக்கியம் வேடிக்கையானது. ஹாலில் லேண்ட்லைன் இருந்தது, மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை அது அடித்தால் எடுக்கமாட்டாள். முப்பத்திமூன்று வருடம் அடித்த அத்தனை போனையும் எடுத்தாயிற்று, இப்போ அடிக்கட்டும் என்று சாய்வு நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கிருபா அதற்காகவே கூப்பிடுகிறவர் எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தான், "எந்திரிச்ச பிறகாவது யாருன்னு பாத்துக்கோங்கம்மா" என்று. அவன் போய் நாற்பது நாள் ஆகுமுன்னே அத்தை லேண்ட்லைனையே எடுத்துவிடச் சொன்னாள். யார் கூப்பிடப் போகிறார்கள் இனிமேல் என்றாள், சரிதான் என்று இவளும் நினைத்தாள். அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் துணியில் சுற்றி பீரோவில் வைத்துக்கொண்டாள், பிள்ளை வாங்கிக் கொடுத்ததாயிற்றே. முப்பத்தைந்து நிமிடம். வாக்கிய ஆராய்ச்சியில் ஒரு தொல்லை உண்டு, தப்பான வாக்கியத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் அது சரி மாதிரித் தோன்ற ஆரம்பித்துவிடும், காது கெட்டுப்போகும், பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் நடந்திருக்கிறது. நான்கு வருடமாகத் தினமும் அவள் அந்த ஒரு வாக்கியத்தைப் பார்க்கிறாள், போனைக் கவிழ்த்தாள், கவிழ்த்தாள். அது மட்டும் ஒரு நாளும் சரியாகத் தோன்றவில்லை. நாற்பது நிமிடம். கதவு திறக்கவில்லை. நாற்பத்தைந்து. ஒருவரும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

கதவு திறந்தபோது அத்தை கண்ணாடியைக் கையில் வைத்திருந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது, உள்ளே ஏது தண்ணீர்? மெதுவாக வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே வேப்பமரத்தைப் பார்த்தாள். "எழுவத்திரெண்டும் போட்டுட்டேன்" என்றாள். "ஒண்ணுல மட்டும் ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். அது உன் கணக்கைக் கெடுத்துருமோ?"

"இல்லத்தே. கெடுக்காது." என்றாள் ஹெப்சிபா. சொல்லிவிட வேண்டும், இப்போதே, தெரியாத மாதிரி எழுந்து போய் ஆட்டோ பிடித்தால் அப்புறம் சாகும்வரை சொல்ல முடியாது. "அத்தே, அந்த மார்கரெட்…"

"தெரியுது." அத்தை கண்ணாடியைச் சேலையில் துடைக்க ஆரம்பித்தாள். "துண்டு வரும்போதே தெரிஞ்சிட்டு. சுதி இல்லாமப் பாடுனான்னு வேற எழுதிருக்க. எம்புள்ள நல்லாத்தான் பாடுவான்."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. அவன் பெயருக்குப் பதில் 'எம்புள்ள' என்றாவது அந்த வாயிலிருந்து வந்துவிட்டது. "ரெண்டு தடவை கூப்பிட்டாங்க அத்தே. பாத்துட்டே எடுக்கலை. காலைல சண்டை. நான் எடுத்திருந்தா…"

"நானுந்தான்" என்றாள் அத்தை.

இவளுக்கு விளங்கவில்லை. வாழ்நாளெல்லாம் இந்த மாதிரி வார்த்தையைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், ஆனாலும் விளங்கவில்லை. "என்னத்தே?"

"வீட்டு போனு அடிச்சுது. ரெண்டு மணி இருக்கும். மத்தியானம்லா, அடிக்கட்டும்னு கண்ணை மூடிக்கிட்டேன். ரொம்ப நேரம் அடிச்சுது ஹெப்சி. லைன் கிளியராத்தான் இருந்துச்சு. எந்திரிச்சு அந்தப் பொட்டியப் பாத்தா அவன் நம்பரு." துடைப்பது நின்றது. "மொதல்ல எனக்குத்தான் அடிச்சிருக்கான். நான் எடுக்கல, அதான் உனக்கு அடிச்சிருக்கான். நீ அவன் போனை எங்கிட்ட தந்தப்ப, இவ இதைப் பாத்திருப்பா, பாத்துட்டுத்தான் என்னை ஒண்ணும் கேக்காம இருக்கான்னு இத்தனை வருசமா நெனச்சிட்டிருக்கேன்."

தாழ்ப்பாள் போட்ட பாத்ரூமும், ஒரே அமுக்கில் வெறுமையான திரையும் ஹெப்சிபாவின் கண் முன்னால் வந்து நின்றன. கீழே பார்க்கத் தெம்பில்லாமல் அழித்தாளே, அந்தக் கீழே இருந்தது இதுதான். ஒரே வீட்டில், ஒரே பெஞ்சில், ஒருத்திக்கு ஒருத்தி பயந்து நான்கு வருடம். அத்தையின் கையைப் பிடித்தாள், கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"உன்னோட அந்த வாக்கியத்துக்கு ஏழு போட்டேன்" என்றாள் அத்தை, மரத்தைப் பார்த்தபடியே. "நீதான சொன்ன, யாரும் இயல்பாச் சொல்லக்கூடியதுன்னா ஏழுன்னு. இப்ப நான் சொன்னதுக்கு நீ எத்தனை போடுவ? யோசிக்கக் கூடாது. மொதல்ல தோணுறதச் சொல்லு."

"ஏழு, அத்தே" என்றாள் ஹெப்சிபா.